ஒருவரை நம்பி வளரும் மூளை: குழந்தையின் பிணைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிணைப்பு என்று அறிவியல் எதைக் குறிப்பிடுகிறது?

பயம், வலி, களைப்பு, நோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வாட்டும்போது, குழந்தை தனக்குப் பழகிய ஒரு குறிப்பிட்ட மனிதரை நாடி ஆறுதல் பெறுகிறது. ஆறுதல் கிடைத்ததும் அவர் அருகில் இருக்கிறார் என்ற தைரியத்தில் மீண்டும் விளையாடப் போகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததே பிணைப்பு. குழந்தை பலரைப் பார்த்துச் சிரிக்கும், பலருடன் விளையாடும். ஆனால் காய்ச்சலில் யாருடைய தோளைத் தேடி அழுகிறதோ, அவரிடம்தான் அதற்குப் பிணைப்பு இருக்கிறது.

லண்டனின் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990) இந்தக் கோட்பாட்டை உருவாக்கினார். வீடிழந்த குழந்தைகளின் மனநலம் குறித்து உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் பிறக்கும் மனிதக் குழந்தை, காப்பவரின் அருகிலேயே இருப்பதற்கான உந்துதலோடு பிறக்கிறது என்பதும், பரிணாமம் இந்த உந்துதலைப் பசியைப் போலவே அடிப்படையானதாக வைத்திருக்கிறது என்பதும் அவருடைய வாதம்.

பால் கொடுப்பவரிடம்தான் குழந்தை ஒட்டிக்கொள்கிறது என்பது சரியல்லவா?

அறிவியலாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ, ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு பொம்மைத் தாய்களுடன் வளர்த்தார். ஒன்று வெறும் கம்பியால் ஆனது. மற்றொன்று மென்மையான துணி சுற்றியது. கம்பித் தாயிடம் மட்டுமே பால் புட்டி இருந்த நிலையிலும், குட்டிகள் பால் குடிக்க மட்டும் அதனிடம் சென்றுவிட்டு, நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைக் கட்டிப்பிடித்தபடியே கழித்தன. 1958இல் அவர் இதை வெளியிட்ட பிறகு, பாலுக்குக் கைம்மாறாக வருவதே பாசம் என்ற விளக்கம் நிற்கவில்லை. அந்தக் குட்டிகளுக்கு இழைக்கப்பட்டது கொடுமை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றில் பல, வளர்ந்த பின்னும் பிற குரங்குகளோடு சேர்ந்து வாழ இயலாதவையாகவே இருந்தன.

இது எந்த வயதில் உருவாகிறது?

அடித்தளம் பிறக்கும் முன்பே தொடங்குகிறது. கருவிலேயே கேட்டுப் பழகியதால், பிறந்த சில நாட்களிலேயே குழந்தை மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை விரும்பிக் கேட்கிறது. கண், மூக்கு, வாய் அமைந்த முகம் போன்ற வடிவத்தை நோக்கிப் பார்வையைத் திருப்புகிறது. ஆறு, ஏழு மாதம் வரை யார் தூக்கினாலும் போகும் குழந்தை, அதற்குப் பின் வேற்றுமுகம் கண்டால் அழத் தொடங்குவதைப் பார்த்துப் பெற்றோர் சிலர் கவலைப்படுகிறார்கள். அது கவலைக்குரியதே அல்ல. தன்னுடையவர் யார் என்பது குழந்தையின் மூளையில் பதிந்துவிட்டதற்கான நல்ல அறிகுறி.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளக்கிறார்கள்?

உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் (1913–1999) இதற்கு வழி கண்டவர். 1950களின் நடுவில் உகாண்டாவில் கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று கவனித்த அவர், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் குழந்தைகளைப் பிறந்தது முதல் ஓராண்டு வரை வீட்டிலேயே கவனித்தார். அந்த நீண்ட கவனிப்பிலிருந்துதான் அவருடைய இருபது நிமிடச் சோதனை பிறந்தது.

ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையும் தாயும் விளையாட்டுச் சாமான்கள் உள்ள ஓர் அறைக்கு வருகிறார்கள். சற்று நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து அமர்கிறார். தாய் எழுந்து வெளியே போகிறார். மூன்று நிமிடத்தில், குழந்தை மிகவும் அழுதால் அதற்கும் முன்பே, திரும்பி வருகிறார். பிறகு இன்னொரு முறை பிரிவும் சந்திப்பும் நிகழ்கின்றன. தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைத்தான் அளக்கிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆய்வாளர் உற்றுப் பார்ப்பது தாய் திரும்பி வரும் அந்தச் சில நொடிகளைத்தான். கதவு திறந்ததும் கையை நீட்டி ஓடிவந்து, தோளில் சாய்ந்து, விசும்பல் அடங்கி, மீண்டும் பொம்மையை நோக்கித் திரும்பும் குழந்தைக்குப் பாதுகாப்பான பிணைப்பு இருப்பதாகக் கொள்கிறார்கள். தாயைப் பார்த்தும் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வது, தூக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தூக்கியதும் உதைத்துத் திமிறுவது ஆகியவை வேறு இரண்டு வகைகள். தாயை நோக்கி வந்து பாதியில் உறைந்து நின்றுவிடும் குழந்தைகளை நான்காவது வகையாக ஆய்வாளர்கள் மேரி மெயினும் ஜூடித் சாலமனும் பின்னர் சேர்த்தார்கள்.

எட்டு நாடுகளில் ஏறத்தாழ 2,000 குழந்தைகளிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 1988இல் வெளியான பகுப்பாய்வில், 65 சதவீதக் குழந்தைகள் பாதுகாப்பான வகையில் இருந்தனர். நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு அதிகமாக இருந்தது. இந்த வகைகளை நோயின் பெயர்களாகக் கருதக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை, தன் வீட்டில் எது செல்லுபடியாகிறதோ அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வேளைக்கு உணவும் சுத்தமான படுக்கையும் கிடைத்தால் குழந்தை வளர்ந்துவிடாதா?

இந்தக் கேள்விக்கு மனிதக் குழந்தைகளிடமிருந்தே பதில் கிடைத்திருக்கிறது. அது மிகுந்த துயரத்தின் வழியாகக் கிடைத்த பதில் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ருமேனியாவை ஆண்ட நிக்கோலாய் சௌசெஸ்கு, மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். வளர்க்க வசதியற்ற குடும்பங்கள், அரசே ஊக்குவித்தபடி, குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989 டிசம்பரில் அந்த ஆட்சி வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அத்தகைய இல்லங்களில் இருந்தார்கள். ஒரு பராமரிப்பாளருக்குப் பன்னிரண்டு, பதினைந்து குழந்தைகள். உணவு, குளியல், துணி மாற்றுதல் எல்லாம் மணிக்கணக்குப்படி நடந்தன. பணிமுறை மாறும்போதெல்லாம் ஆளும் மாறினார். எந்தக் குழந்தைக்கும் தன்னுடையவர் என்று ஒருவர் இல்லை. தலைநகர் புக்கரெஸ்ட்டின் இல்லங்களுக்குள் சென்ற ஆய்வாளர்களை முதலில் திகைக்க வைத்தது அங்கிருந்த அமைதி. வரிசை வரிசையாகத் தொட்டில்கள். அவற்றில் விழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள். அழுகைச் சத்தம் மட்டும் இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்பதை அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் மூவரும் 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 6 முதல் 31 மாத வயதுடைய 136 குழந்தைகளில், குலுக்கல் முறையில் 68 பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். மற்ற 68 பேர் வழக்கமான அரசுப் பராமரிப்பில் தொடர்ந்தனர். பெற்றோரிடம் வளரும் அதே நகரத்துக் குழந்தைகளும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டனர். நாலரை வயதில் அளந்தபோது, சராசரி நுண்ணறிவு ஈவு (IQ), அரசுப் பராமரிப்பில் தொடர்ந்தவர்களுக்கு 73, வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்றவர்களுக்கு 81, பெற்றோரிடம் வளர்ந்தவர்களுக்கு 109 என்று இருந்தது. மூன்றரை வயதில் பாதுகாப்பான பிணைப்புடன் இருந்தவர்கள் முதல் குழுவில் 18 சதவீதம், இரண்டாம் குழுவில் 49 சதவீதம், மூன்றாம் குழுவில் 65 சதவீதம்.

இந்த எண்களுக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளின் மூளை மின்னலைகள், எட்டு வயதில் பார்த்தபோது, பெற்றோரிடம் வளர்ந்த குழந்தைகளின் அலைகளைப் போலவே இருந்தன. இரண்டு வயதுக்குப் பின் சென்றவர்களிடம் அந்த மீட்சி காணப்படவில்லை.

யாரென்று தெரியாதவரையும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தைகளும் அந்த இல்லங்களில் பலர் இருந்தார்கள். பார்வையாளர்கள் அதைப் பாசம் என்று நினைத்து நெகிழ்ந்துபோனார்கள். உண்மையில், தன்னுடையவர் யார், அந்நியர் யார் என்று பிரித்தறியும் வாய்ப்பே கிடைக்காத நிலையின் விளைவு அது.

பாதிக் குழந்தைகளை இல்லத்திலேயே விட்டுவைத்து ஆய்வு செய்தது நியாயமா?

இந்தக் கேள்வி எழுவதே நியாயமானது. நடத்தியவர்களும் இதை வெளிப்படையாக விவாதித்திருக்கிறார்கள். அப்போது புக்கரெஸ்ட்டில் வளர்ப்புக் குடும்ப முறை ஏறக்குறைய இல்லை; அந்த 68 குழந்தைகளுக்கான குடும்பங்களை ஆய்வுத் திட்டமே தேடி, பயிற்சி அளித்து, செலவையும் ஏற்றது. இல்லத்தில் இருந்த எந்தக் குழந்தைக்கும் தத்தெடுப்போ பெற்றோரிடம் திரும்பும் வாய்ப்போ வந்தால் அதை ஆய்வு தடுக்காது என்பது தொடக்கத்திலேயே வகுக்கப்பட்ட விதி. அதன்படி பல குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேறவும் செய்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதை, கடும் குறைபாடு உள்ளவர்களைத் தவிர, ருமேனியா பின்னர் சட்டத்தால் தடைசெய்தது. குலுக்கல் முறையில் கிடைத்த சான்று இல்லாமல், பலவீனமான குழந்தைகள்தான் இல்லத்தில் தங்கிவிடுகிறார்கள் என்று சொல்லித் தட்டிக்கழிப்பது எளிதாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆயினும், இல்லத்தில் தொடர்ந்த ஒவ்வொரு குழந்தையும் இழந்த மாதங்களை எந்தச் சட்டமும் ஈடுசெய்துவிடாது.

மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

பிறந்த முதல் ஆண்டுகளில் நரம்புச் செல்களுக்கு இடையே இணைப்புகள் மிக வேகமாகப் பெருகுகின்றன. பயன்படுபவை வலுப்பெறுகின்றன, பயன்படாதவை களையப்படுகின்றன. குழந்தை ஓர் ஒலி எழுப்ப, எதிரே உள்ளவர் பதிலுக்குப் பேச, குழந்தை மீண்டும் முகம் பார்த்துச் சிரிக்க, இப்படி ஒரு நாளில் எண்ணற்ற முறை நிகழும் பரிமாற்றமே அந்த இணைப்புகளுக்கு வேண்டிய தூண்டல். எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருக்கும் தாய், திடீரென முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்தபடியே இருக்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. எதற்கும் பதில் இல்லையென்றதும் உடலைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்குகிறது. தாய் அங்கேயே இருந்தும், மறுமொழி நின்றுபோன சில நிமிடங்களைக் குழந்தையால் தாங்க முடிவதில்லை.

இதன் இன்னொரு பகுதி, பயத்தையும் அழுத்தத்தையும் கையாளும் அமைப்பு. மூளையின் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை உணர்த்துகிறது. அட்ரினல் சுரப்பி, அழுத்த ஹார்மோனான கார்டிசோலைச் சுரக்கிறது. இவற்றைத் தணிக்க வேண்டிய முன்மூளைப் பகுதி முதிர்ச்சி அடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதுவரை குழந்தையின் பதற்றத்தைத் தணிக்கும் வேலையை வெளியிலிருந்து ஒரு மனிதர் செய்கிறார். அத்தகைய மனிதர் இல்லாமல் வளர்ந்த புக்கரெஸ்ட் குழந்தைகளிடம், பன்னிரண்டு வயதளவில், அழுத்தத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை மழுங்கியிருந்தது. ருமேனிய இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்தெடுக்கப்பட்ட 67 பேரை இளைஞர்களான பின் ஸ்கேன் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் மொத்த மூளைக் கன அளவு, இங்கிலாந்திலேயே பிறந்து தத்தெடுக்கப்பட்டவர்களைவிடச் சராசரியாக 8.6 சதவீதம் குறைவாக இருந்தது. இல்லத்தில் கழிந்த மாதங்கள் கூடக்கூடக் குறைவும் கூடியது.

ஆக்சிடோசின்தான் அன்பை உண்டாக்குகிறதா?

அப்படிச் சொல்வது மிகை. ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன இந்த ஹார்மோன் பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது, பால் சுரந்து இறங்க உதவுகிறது. இதை ஆய்வகத்தில் உருவாக்கியதையும் உள்ளடக்கிய பணிக்காக வின்சென்ட் டு விக்னோ 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஒரே துணையுடன் வாழும் ஒருவகைப் புல்வெளி எலிகளில், மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய வெகுமதிப் பகுதியில், ஆக்சிடோசினை ஏற்று வினைபுரியும் ஏற்பிகள் செறிந்திருப்பது கண்டறியப்பட்ட பிறகு 'அன்பு ஹார்மோன்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆனால் 2023இல், அந்த ஏற்பியே இல்லாதபடி மரபணு மாற்றம் செய்யப்பட்ட அதே வகை எலிகளும் துணையோடு பிணைந்து வாழ்ந்தன. ஆக்சிடோசினை மூக்கில் தெளித்தால் பிறர்மீது நம்பிக்கை கூடும் என்று 2005இல் வந்த புகழ்பெற்ற முடிவும், பின்னர் பெரிய அளவில் செய்த மறுசோதனையில் உறுதிப்படவில்லை. அந்தத் தெளிப்பானை இணையத்தில் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

அழும்போதெல்லாம் தூக்கினால் கைப்பழக்கம் ஆகிவிடாதா?

இளம் தாய்மாரை இந்த அளவுக்கு அலைக்கழிக்கும் அறிவுரை வேறொன்று இருக்க முடியாது. கனடாவின் மான்ட்ரியலில் 1986இல் வெளியான ஓர் ஆய்வில், அழுகிறதோ இல்லையோ நாள்தோறும் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருக்கப்பட்ட குழந்தைகள், ஆறாவது வாரத்தில் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். ஏற்கெனவே ஓயாமல் அழும் குழந்தைகளிடம் பின்னர் செய்த சோதனையில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே தூக்கியும் அடங்காத குழந்தையின் தாய் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. முதல் மாதங்களில் குழந்தை யாரையும் ஏமாற்ற அழுவதில்லை. அதற்கு வேண்டிய திறனே அந்த மூளையில் இன்னும் உருவாகவில்லை.

வேலைக்குப் போகும் தாயின் குழந்தைக்குப் பிணைப்பு குறையுமா?

அதனால் மட்டுமே குறையாது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஓர் அரசு ஆய்வு, 15 மாத வயதில் தாயோடு குழந்தைக்கு இருக்கும் பிணைப்பை, பகல்நேரக் காப்பகத்தில் விடுவது மட்டுமே குலைப்பதில்லை என்று 1997இல் தெரிவித்தது. வீட்டில் குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் தன்மை குறைவாக இருந்து, அதோடு காப்பகமும் தரமற்றதாகவோ அடிக்கடி மாறுவதாகவோ இருந்தால்தான் பாதிப்பு கூடியது.

பௌல்பி தொடக்கத்தில் தாய்க்கு அளவுமீறிய அழுத்தம் கொடுத்தார் என்பது சரியான விமர்சனம். குழந்தை ஒன்றுக்கு மேற்பட்டவரிடம் பிணைப்புக் கொள்ளும். காங்கோவின் இதூரி காட்டில் வாழும் எஃபே மக்களிடையே, பிறந்த குழந்தையைப் பல பெண்கள் மாறி மாறித் தூக்கி வளர்க்கிறார்கள். அப்பா, பாட்டி, தாத்தா, அத்தை, நாள்தோறும் வரும் அதே ஆயா என்று நாலைந்து பேர் இருப்பது குழந்தைக்குப் பலம். அவர்கள் மாறாதவர்களாக, குழந்தையை அறிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. புக்கரெஸ்ட் இல்லங்களிலும் பராமரிப்பாளர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் குழந்தைக்கு நிலைக்கவில்லை.

குறைமாதக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பது தவிர்க்க முடியாததா?

பெரும்பாலும் தவிர்க்கலாம். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல், போதிய இன்குபேட்டர்கள் இல்லாத நிலையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். அதுவே கங்காரு பராமரிப்பு. டெல்லி உள்ளிட்ட ஐந்து இடங்களின் மருத்துவமனைகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்ததுமே இதைத் தொடங்கியபோது முதல் 28 நாட்களில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. தாயால் இயலாதபோது அப்பாவோ பாட்டியோ இதைச் செய்யலாம். வார்டில் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

மருத்துவமனையில் சேர்த்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டால் பழகிவிட்டது என்று கொள்ளலாமா?

1950களில் பிரிட்டனின் குழந்தைகள் வார்டுகளில் பெற்றோர் பார்வையிடக் கடும் கட்டுப்பாடு இருந்தது. பௌல்பியோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் அங்கே குழந்தைகளைக் கவனித்து, அவர்கள் முதலில் அழுது போராடுவதையும், பிறகு சோர்ந்து அடங்குவதையும், இறுதியில் பெற்றோர் வந்தாலும் ஆர்வம் காட்டாமல் விலகிவிடுவதையும் பதிவு செய்தார். செவிலியர்கள் அந்த அடங்கலைத்தான் பழகிவிட்டதாகக் கருதியிருந்தார்கள். மருத்துவமனையில் உள்ள குழந்தைகளின் நலன் குறித்து 1959இல் வந்த பிளாட் குழு அறிக்கைக்குப் பிறகு கட்டுப்பாடுகள் தளரத் தொடங்கின. இயன்றவரை ஒருவர் இரவும் உடனிருப்பதே நல்லது.

சிறுவயதில் கிடைக்காதது வாழ்நாள் முழுக்கக் குறையாகவே இருக்குமா?

கடும் புறக்கணிப்பையும் சாதாரணக் குடும்பங்களின் ஏற்றத்தாழ்வுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1970களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு, முதல் வயதுப் பிணைப்பு பிற்காலத்தைப் பாதிப்பது உண்மை, ஆனால் அது பல காரணங்களில் ஒன்றே என்று காட்டியது. பின்னர் கிடைக்கும் நல்ல ஆசிரியர், நம்பகமான துணை, உளவியல் சிகிச்சை ஆகியவை போக்கை மாற்றுகின்றன. பத்துக் கேள்விகளில் உங்கள் பிணைப்பு வகையைச் சொல்லிவிடும் இணையச் சோதனைகளை வைத்துத் திருமணத்தையோ பெற்றோரையோ எடைபோட வேண்டாம்.

வளர்ந்தவர்களுக்கும் இந்தத் தேவை இருக்கிறதா?

இருக்கிறது. ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திருமணமான 16 பெண்கள் ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி, லேசான மின்னதிர்ச்சி வரக்கூடும் என்ற எச்சரிக்கையை எதிர்கொண்டார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்கு எதிர்வினையாற்றும் மூளைப் பகுதிகளின் செயல்பாடு தணிந்தது. அந்நியரின் கை அந்த அளவுக்கு உதவவில்லை. இல்லறம் இணக்கமாக இருந்தவர்களிடம் தணிவு கூடுதலாக இருந்தது. 148 ஆய்வுகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டுப் பகுப்பாய்வின்படி, வலுவான சமூக உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம்.

நம் ஊர்க் காப்பகங்களில் உள்ள கைக்குழந்தைகளுக்கு இதனால் என்ன பயன்?

கைவிடப்படும் பெண் குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாறு வரும் குழந்தை தத்துக்குச் செல்லும்வரை ஓர் இல்லத்தில்தான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பெற்றோர் யாரென்று தெரியாத, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நான்கு மாதத்துக்குள்ளும் தத்துக்கு உரியதாக அறிவிக்க வேண்டும் என்கிறது. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகத் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் மூளை வளர்ச்சியில் கழிகிறது என்பதை, அந்த அறிவிப்பைச் செய்யும் குழந்தைகள் நலக் குழுவினர் மனத்தில் கொள்ள வேண்டும்.

காத்திருக்கும் காலத்திலும் செய்யக்கூடியது உண்டு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கைக்குழந்தைகள் இல்லம் ஒன்றில், குழுவின் அளவு குறைக்கப்பட்டு, ஒவ்வொரு சிறு குழுவுக்கும் மாறாத சில பராமரிப்பாளர்கள் நியமிக்கப்பட்டு, குழந்தைகளை ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வழக்கமும் நிறுத்தப்பட்டது. குழந்தைகளோடு பேசவும் கொஞ்சவும் பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. குழந்தைகளின் உடல் வளர்ச்சி, அறிவு வளர்ச்சி, சமூக நடத்தை ஆகிய மூன்றும் தெளிவாக முன்னேறின. உடல், மனக் குறைபாடுள்ள குழந்தைகளும் முன்னேறினார்கள். பணிப்பட்டியலை மாற்றி எழுதி, அதே ஆயாவை அதே நான்கைந்து குழந்தைகளுக்கு ஒதுக்குவதை எந்த இல்லமும் அடுத்த மாதமே தொடங்க முடியும்.